கவளமும் கொள்கையும்

2014-ல் ஹார்வர்டில் வளர்ச்சித் திட்ட வல்லுநர்கள் கூடி, மாபெரும் உண்மையொன்றைக் கண்டுபிடித்து அறிக்கையாக்கினார்கள்: உள்ளூர்ச் சிக்கலில் தொடங்கு, சின்னதாகச் செய்துபார், கற்றுக்கொள், திருத்திக்கொள்.

மாயாற்றங்கரையில், தெப்பக்காடு யானை முகாமில் இதற்கு அறிக்கை கிடையாது, கவளம் உண்டு. ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு. யானைக்கு யானை அளவு வேறு. தேவைப்பட்டால் உள்ளே மருந்தை ஒளித்து ஊட்டுவார் பாகன். யானை துப்பினால் அதுதான் இடைக்கால மதிப்பீடு. அடுத்த உருண்டையில் வெல்லம் கூடினால் அதுதான் திட்டத் திருத்தம். நிதி தருபவரின் ஒப்புதலுக்காக ஆறு மாதம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் வழக்கம் யானைக்கு இல்லை.

வல்லுநர்களும் நிலைமைக்கேற்ப மாறுவார்கள், சந்தேகமே வேண்டாம். ஐந்தாண்டுக்கு முன்பே ஒப்புதல் வாங்கிய அட்டவணைப்படி.