கேதம் கேக்க ஆளில்லாத பங்களா

வாடா பேராண்டி, உக்காரு. அந்தக் கட்டில்ல வேணாம், உங்க ஆயா கடைசியா படுத்துக் கெடந்தது. நீ சீரியலுக்கு வசனம் எழுதுற பய, அதையும் கதையில சேத்துப்புடுவ. திண்ணையில உக்காரு.

மெட்ராஸ்லேருந்து ராத்திரி பஸ் ஏறி வேப்பந்தட்டை வரைக்கும் வந்து, "தாத்தா, ஒரு பேய்க்கதை சொல்லுங்க"ங்குற. அங்க பேய்க்கா பஞ்சம்? வாடகை கட்ட முடியாம அதுவும் ஊரைக் காலி பண்ணிடுச்சா?

சரி, காசு வாங்காம ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். வீட்டுக்குள்ள பேயைக் கொண்டாறதுக்கு முன்னாடி ஒரு எழவைக் கொண்டா. சிரிச்சுக்கிட்டுச் சோறு திங்குற வீட்டு வாசப்படியை எந்தப் பேயும் மிதிக்காது. சன் டிவியில இந்தியிலேருந்து மொழி மாத்தி 'நாகினி' விட்டாங்களே, அந்தப் பாம்புப் பொண்ணு எதுக்கு மருமகளா வந்து நிக்குறா? பெத்தவங்களைக் கொன்னவங்களைத் தேடித்தான். பாம்பு கூட ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாத்தான் கதை நகருது.

இஞ்சினீரிங் படிச்சுப்புட்டு சும்மா கெடக்குறானே உங்க சித்தப்பன் மவன், அவன் போன்ல அமெரிக்காக்காரன் கதை ஒண்ணு காட்டுனான். 'சூப்பர்நேச்சுரல்'னு பேரு. 2005-ல தொடங்கி 2020 வரைக்கும் 15 சீசன். பேய் வெரட்டுற அண்ணன் தம்பி ரெண்டு பேரு. மொத எபிசோட்லயே ஆத்தாளைக் கூரையில ஒட்ட வெச்சு எரிச்சுப்புடுறான். அந்த ஒரு தீயை வெச்சு 15 வருசம் குளிர் காஞ்சிருக்கானுவோ!

அதுல ஒரு கட்டம் பாரு. தம்பி செத்துப்போறான். அண்ணங்காரன் முச்சந்திக்குப் போய் மண்ணைத் தோண்டி எதையோ பொதைச்சு, வந்து நிக்குற பிசாசுகிட்ட உசுரை அடமானம் வெக்குறான். அந்த ஊரு வழக்கப்படி பத்து வருசத் தவணை. இவனுக்கு மட்டும் ஒரே வருசம். எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவான்னு பிசாசுக்குத் தெரிஞ்சுபோச்சு. பட்டறையில வெங்காயம் அழுவுற வாடை அடிச்சதும் நம்ம கொல்லைக்கு வியாபாரி வந்து வெலை கேப்பானே, அதே கணக்கு. நல்ல காயா இருக்கையில ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். முச்சந்திங்கவும் எனக்கு நம்மூருன்னே தோணிப்போச்சு, போ. எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் கொறை.

உங்க மெட்ராஸ் ஆளுங்க விடுற எடம் எது தெரியுமா? உங்க சீரியல் பங்களாவுல இருவது பேரு இருக்காங்க. மாடிப்படியில ஏறவும் எறங்கவும் தனித்தனியா பாட்டு. ஆனா ஒரு சாவு விழுந்தா, கேதம் கேக்க ஒரு நாதி வரக் காணோம்! பக்கத்து வீடே கெடையாது. பங்காளி கெடையாது. தலையை விரிச்சுப் போட்டு, கட்டிப்புடிச்சு அழ ஒரு பெரியம்மா கெடையாது. செத்தவன் போட்டோவுக்கு மாலை, மருமகளுக்கு முழு நகை, அதோட சரி. மறுநாளே அவ தனியா மொட்டை மாடியில நின்னு நிலாவைப் பாக்குறா. பேய்க்கு இதைவிட வசதி வேணுமா? நானே பேயா இருந்தாக்கூட வந்துருப்பேன்.

நம்ம பக்கம் எழவு விழுந்தா பதினாறு நாளைக்கு அந்த வீட்டுல ஒருத்தரைத் தனியா விட மாட்டாங்க. மாமன் மச்சான் ஆக்கிக் கொண்டாந்து சோறு போடுவான். ராத்திரிக்கு நாலு கெழவி வந்து படுத்துக்குவா. செத்த எடத்துல வெளக்கு எரியும். அது செத்தவங்களுக்குன்னு சொல்லிக்குவோம். ஆனா எண்ணெய் ஊத்தணுமேன்னு ஒருத்தி எந்திரிக்கிறா பாரு, அப்படியே அழுவுறவ மூஞ்சியையும் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் படுப்பா.

தொணைக்கு ஆளில்லாத துக்கத்துக்குத்தான் பேய் வரும். மனசுக்குள்ளயே பேய் மொளைக்குறதும் உண்டு. 1997-ல 'விடாது கருப்பு' சீரியல் வந்துச்சே, நம்ம இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா எடுத்தது, நீ பொறந்துருக்க மாட்ட. வெள்ளைக் குதிரை சத்தம் கேட்டா ஊரே கதவைச் சாத்திக்கும். கருப்பசாமிதான் வர்றாருன்னு நானும் வாரா வாரம் கன்னத்துல போட்டுக்கிட்டேன். கடைசியில பாத்தா ஒரு மனுசனுக்குள்ள இன்னொரு மனுசன். கதையில பாதி, ஒரு சின்னப் பையனோட பழைய காலம். கன்னத்துல போட்டதையெல்லாம் யாருகிட்ட திருப்பிக் கேக்குறதுன்னு இன்னிக்கும் தெரியல.

துக்கப்பட்டவ எல்லாம் பேய்க்கு எரைதான்னு எழுதிப்புடாத. சிறுவாச்சூர் மதுரகாளிகிட்ட போய்க் கேளு. திங்கள், வெள்ளி பாத்துப் போ, மத்த நாள்ல பெரும்பாலும் நடை தெறக்காது. புருஷனைப் பறிகொடுத்து, மதுரையை எரிச்சுப்புட்டு, ஆத்தாமையோட வந்த கண்ணகிதான் அவன்னு ஒரு வாக்கு. ராத்தங்க எடம் கேக்குறா. கோயில்ல இருக்குற செல்லியம்மனோ ஒரு மந்திரவாதி பிடியில மாட்டிக்கிட்டு முழிக்குறா. துக்கப்பட்டவ எரைங்குற கணக்குப்படி வந்தவளையும் சேத்துல்ல அவன் மடக்கியிருக்கணும்? இவ அவனை முடிச்சுப்புட்டா! செல்லியம்மன் கோயிலை இவகிட்ட குடுத்துட்டு மலைக்குப் போயிட்டா. எடம் குடுக்க ஒருத்தி இருந்தா, பாத்துக்க. ஆனா இதை உங்க டைரக்டர்கிட்ட சொல்லாத. மந்திரவாதி மொத வாரமே செத்தா உனக்கு வேலை போயிரும்.

சரி, நீ கேட்ட பேய்க்கதைக்கு வர்றேன். உங்க ஆயா போன பதினாறாம் நாள் கருமாதி முடிஞ்சு அத்தனை பேரும் கெளம்பிட்டாங்க. மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கணும், பள்ளிக்கூடம் தெறந்தாச்சுன்னு அவங்கவங்க சோலி. பதினேழாம் நாள் காலையில இதே திண்ணையில நான் ஒண்டியா உக்காந்திருக்கேன். குறி சொல்றேன்னு ஒரு ஆளு வந்தான். "அஞ்சலை ஒரு ஆசையோட போயிருக்கு, பட்டுப்பொடவை கேக்குது"ன்னான்.

உங்க ஆயாளுக்கு வெத்தலை பாக்கைத் தவுத்து ஒரு ஆசையும் கெடையாது. பட்டுக் கட்டுனா அரிக்குதும்பா. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் உள்ள போயி டப்பாவுலேருந்து ஆயிரத்து ஐநூறு ரூவா எடுத்துக் குடுத்தேன். ஏன்னு கேளு. பதினாறு நாளா அத்தனை பேரும் அத்தைன்னாங்க, பெரியம்மான்னாங்க, ஆயான்னாங்க. பேரைச் சொன்னது அவன் ஒருத்தன்தான்.

பேரு அவனுக்கு எப்படித் தெரியும்னு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனப்பதான் புரிஞ்சுது. நீங்க பேரப்புள்ளைங்க எல்லாம் சேந்து வெச்சீங்களே கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ், உங்க ஆயா பேரு, போன தேதி, கீழ என் பேரு, தெருப் பேரு, எல்லாம் அதுலயே இருக்கு. வரிசையா உங்க மூஞ்சியும் இருக்கு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு.

ஊருக்குள்ள அவனைத் தடியால வெரட்டுனேன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அப்படியே எழுதிக்க.