தரைக்கு விழுந்த அடி

ஏன்டா தம்பி, வில்லியனூர் தேர்ல வாங்குன பலூன் வெடிச்சு புள்ள அழுவுது. "ஏன் அழுவுற, ஏன் அழுவுற"ன்னு வக்கீலாட்டம் கொடையுறியே! பறிகொடுத்தா அழுகை, கெடைச்சா சிரிப்பு. இந்தக் கணக்கு மூணு நாலு வயசுக்கே தெரியும்டா. அடுத்த கணக்குலதான் தடுமாறும்.

பால் ஹாரிஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர். எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத, பேத்தி பி.எட். படிக்கிறா. அவ செல்லைப் பாக்கறா, பொஸ்தகத்தை நான் பாக்கறேன். 1989ல அவரும் கூட்டாளிங்களும் புள்ளைங்களுக்கு ஒரு கதை சொன்னாங்க. ஒரு யானைக்கு கோக்குன்னா உசுரு. குரங்கு ஒண்ணு டப்பாவுல இருந்த கோக்கைக் கொட்டிட்டு பாலை ஊத்தி வச்சிடுச்சு. யானைக்குத் தெரியாது. குடிக்கறதுக்கு முன்னால டப்பாவைப் பாத்தா அது சந்தோஷப்படுமா, வருத்தப்படுமா? சின்னதுங்க பலதும் "வருத்தம்"னுச்சுங்க. உள்ள இருக்கறது பாலாச்சே! ஆறு வயசு வாக்குலதான், யானை கோக்குன்னு நெனைச்சுக் குதிக்கும்னு புரியுதாம்.

சிரிக்காத. யாரோ தண்ணி கலந்து குடுத்த சாராயத்தைக் குடிச்சுட்டு போன பொங்கல்ல நீ போட்ட ஆட்டத்தை பாகூரே பாத்துச்சு.

ஜெர்மனியில ரெண்டு அம்மாங்க 1988ல எழுதுனதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. மிட்டாய் திருடுனவன் மனசு எப்படி இருக்கும்? நாலு வயசுங்க பெரும்பாலும் "ஜாலியா இருப்பான், மிட்டாய் கெடைச்சுதே"ன்னுச்சுங்க. எட்டு வயசுங்கதான் "உறுத்தும்"னுச்சுங்க. தேர்தல் நேரத்துல பாக்கறப்ப நாலு வயசுங்க சொன்னதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

உங்கம்மா பண்ற கூத்து தனி. புள்ள தடுக்கி வுழுந்தா தரையை நாலு சாத்து சாத்துறா. பாவம் தரை! அதுக்கும் மேல, "அழுதா பூச்சாண்டி புடிச்சுட்டுப் போவான்"னு மெரட்டல் வேற. புள்ள மனசைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டா. ஜூடி டன்னுன்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிங்களும் 1991ல எழுதியிருக்காங்க: மூணு வயசுல வூட்டு மனுஷங்களோட மனசைப் பத்தி நெறைய பேசுன புள்ளைங்க, ஆறு வயசுல வேத்தாளு மனசையும் நல்லா கணிச்சுதுங்களாம்.

அதனால வூட்டுக்குப் போ. நேத்து ராத்திரி சோத்துத் தட்டை ஏன் வீசுனேன்னு புள்ளகிட்ட சொல்லு. கொழம்புல உப்பில்லன்னு சொல்லிடாத, அது மூணு வயசுப் பதிலு. நெல்லு வித்த காசு இன்னும் கைக்கு வரலன்னு சொல்லு. பொண்டாட்டியும் பக்கத்துல இருக்கட்டும். அவளுக்கும் இது புதுச் சேதிதான்.