பிரிக்காத பெட்டி

கேள்வி: என் வீட்டுக்காரர் பழைய ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் மாதிரி விமானப் பெட்டிகளாக வாங்கி அடுக்குகிறார். ஒன்றையும் பிரித்து ஒட்டுவதில்லை. இது என்ன வியாதி? (லண்டன் வாசகி)

பதில்: வியாதியல்ல, கணக்கு. பிரித்தால் விலை இறங்கிவிடும். அட்டையில் ராய் கிராஸ் வரைந்த ஓவியமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 1964 முதல் அந்தக் கம்பெனிக்கு வரைந்தவர். மேலே புகையும் நெருப்புமாக வானப்போர்; உள்ளே நாலு பிளாஸ்டிக் துண்டு! நிஜ ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு இறக்கை விரிவு 11 மீட்டர். 72-இல் ஒரு பங்கான மாதிரிக்கு ஒரு சாண்கூட இல்லை. பசையோ பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டுகிற ரகம். விமானியின் கண்ணாடி மூடியில் பட்டால் உங்கள் வீட்டுக்காரரின் கைரேகை சாசுவதம்.

பெட்டிக்குள் இருக்கும் பழுப்பேறிய ஸ்டிக்கர் தாளை வெயில்படும் ஜன்னலில் அவர் ஒட்டிவைத்தால் மட்டும் உஷார். மஞ்சள் வெளுக்கக் காயப்போடுகிறார், விமானம் கட்டப்போகிறார். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்துவிடுங்கள்.