காயாக் வாங்கப் போகிறவர்

புக்கிட் செலம்பாவ் மக்களுக்குத் தேர்ந்தெடுப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. 2009 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கே நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் 15 பேர் நின்றார்கள். அதில் 13 பேர் சுயேச்சை. வாக்குச்சீட்டு கோயில் திருவிழா நன்கொடைப் பட்டியல் போல நீண்டிருந்தது. அப்படியும் ஊர்க்காரர்கள் காலையில் வரிசையில் நின்று, ஒருவருக்குப் புள்ளடி போட்டுவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். அதே ஊரில், இரண்டு பேர் உட்காரும் ஒரு பிளாஸ்டிக் படகைத் தேர்ந்தெடுக்க முடியாமல் வருஷக்கணக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறார் காயாக் அண்ணன்.

சுங்கை லாலாங்கிலும் பீடோங்கிலும் குரூணிலும் இவருக்குப் பங்காளிகள் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிறந்தது தோட்டத்து லயத்தில். வளர்ந்தது கித்தா மரங்களுக்கு நடுவே அல்லூரில் மூங்கில் தூண்டில் போட்டு. இப்போது குடியிருப்பது தாமானில், வேலை சுங்கை பட்டாணி தொழிற்சாலையில். ஆற்றங்கரைப் பக்கம் போய் மாதங்கள் ஆகியிருந்தாலும் மேலே கிடப்பது மீன் படம் போட்ட முழுக்கைச் சட்டைதான். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்தச் சட்டையைப் பார்த்திருக்கிறேன். வேட்டிக்கு மேல் வாயைப் பிளந்த தோமான் மீன், பார்க்க அப்படியொன்றும் மோசமில்லை.

சிக்கல் இதுதான்: ஒரே படகில் அவர் இரண்டு ஆசைகளை ஏற்றப் பார்க்கிறார். மீனும் பிடிக்க வேண்டும், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மெர்போக் ஆற்றில் பாக்காவ் வேர்களுக்கடியில் கிடக்கும் சியாக்காப்புக்கு, துடுப்பு படகில் இடிக்கிற ஓசை கேட்டாலே போதும், இடத்தைக் காலி செய்துவிடும். அண்ணனின் குடும்பமோ தூப்பா அருவிக்குப் போனால் காருக்குள் இருக்கும்போதே பாட்டுப் போட்டு, பாயை எங்கே விரிப்பது என்று சண்டை பிடிக்கும் குடும்பம். ஆட்கள் ஐந்து பேர். படகில் இருக்கை இரண்டு. “மாறி மாறிப் போகலாம்” என்பது அவருடைய பதில். கரையில் காத்திருக்கும் மூன்று பேரும் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு மடக்கு நாற்காலியைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்திருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். மனிதர் சொல்கிற விஷயத்தில் பிழை காண்பது கஷ்டம். படகு வாங்கியவர்களுக்கு ஒரு படகைப் பற்றித்தான் தெரியும். வாங்காதவருக்கு எல்லாப் படகும் அத்துப்படி. மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, பாடம் நடக்கும்.

“உள்ள கால நீட்டி உக்கார்ற படகு குளிர் நாட்டுக்காரனுக்கு தம்பி. நம்ம வெயிலுக்கு மேல உக்கார்றதுதான் சரி. கவுந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கலாம். தண்ணி உள்ள வந்தா, அதுல ஓட்ட இருக்கு, தானா வடிஞ்சிரும்.”

“ஓட்டப் படகுக்கா மூவாயிரம் வெள்ளி?” ரொட்டி வீசிக்கொண்டிருந்த பாய் கையை நிறுத்திவிட்டார்.

உட்காரும் தட்டு ஆற்று மட்டத்துக்கு மேலே இருப்பதால் ஓட்டை வழியாக நீர் இறங்குமே தவிரத் தங்காது என்பதை அண்ணன் தட்டு, கோப்பை, பருப்புக் குழம்பு மூன்றையும் வைத்து விளக்கினார். குழம்பு மேசையில் வடிந்தது. தத்துவம் நிரூபணமானது.

அடுத்தது நீளம். 12 அடிப் படகு, பாக்காவ் காட்டுக்குள் குறுகலான கால்வாயிலும் சட்டென்று திரும்பும். 14 அடிப் படகு நேர்கோட்டில் ஓடும். பெடு ஏரி மாதிரி அகன்ற இடத்துக்கு அதுதான் வேண்டும். 1960களின் பிற்பகுதியில் கெடாவின் நெல் வயல்களுக்காக அணை கட்டித் தேக்கிய ஏரி அது. தோமானுக்குப் பேர்போனது. காற்று கிளம்பினால் குட்டைப் படகு மூக்கை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

“அப்ப 13 அடி வாங்கிருங்கண்ணே.”

“பதிமூணு ரெண்டுக்கும் ஆகாது.”

சரி, அகலம்? முப்பத்து நாலு அங்குலம் இருந்தால் பிள்ளைகள் துள்ளினாலும் ஆடாது. ஆனால் அகலம் கூடினால் வேகம் குறையும், கை வலிக்கும். மிதித்து ஓட்டும் வகை வாங்கினால் கைக்குத் தூண்டில் பிடிக்க ஓய்வு கிடைக்கும். ஆனால் எடை கூடும், விலை பல மடங்கு ஏறும், வற்றம் வந்து ஆறு ஒடுங்கும் நேரத்தில் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு சேற்றைக் கிண்டும். சாதாரண இரட்டைப் படகே முப்பது கிலோ வரும். அதை மைவியின் தலையில் ஏற்றுவது யார்? மைவி 3,895 மில்லிமீட்டர் நீளம். 14 அடிப் படகு 4,267 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைச் சொல்லும்போது, சொந்தக் கார் தன்னை ஏமாற்றிவிட்டது போல அண்ணனின் குரல் கம்மிவிடும்.

எடைக் கணக்கு போட்ட இரவில் வீட்டில் யாரும் தூங்கவில்லை. 200 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் 140க்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான்; மூட்டை கூடக்கூடப் படகு தாழ்ந்து, ஓட்டை வழியாகவே நீர் மேலே வரும். அண்ணன் 92. மிச்சம் 48. வீட்டில் அந்த எடைக்குள் அடங்குகிறவள் மகள் ஒருத்திதான். அவளுக்கு மீன் வாடையே ஆகாது. ஐஸ் பெட்டி, நாசி லெமாக், கோழிப் பிரட்டல், தேத்தண்ணி பிளாஸ்க் எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில், சாப்பாடு போனால் ஆள் போக முடியாது என்று தெரிந்தது.

சில இரட்டைப் படகுகளில் நடுவிலும் ஒரு இருக்கைக் குழி இருக்கும். சின்னப் பிள்ளையை உட்கார வைக்கலாம். ஆள் தனியாகப் போனால் அதிலேயே உட்கார்ந்து படகைச் சமநிலையில் ஓட்டலாம். அண்ணன் இந்தக் குழியைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு களை வரும். குடும்பத்தோடு போகத் தேடுகிற படகில் அவருக்கு மிகவும் பிடித்தது, குடும்பம் இல்லாமல் ஓட்டுகிற வசதி. அண்ணி இதை முதல் நாளே கவனித்துவிட்டார். எந்தக் கட்டத்தில் பயன்படுத்துவது என்றுதான் காத்திருக்கிறார்.

அண்ணியும் சாதாரண ஆள் இல்லை. ஒருநாள் அண்ணன் இருவர் படகின் இலக்கணத்தை விளக்கினார்: கனமானவர் பின்னால் உட்கார வேண்டும், திருப்புவது அவர் வேலை, ஆனால் முன்னால் இருப்பவர் போடுகிற தாளத்துக்குத்தான் பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு துடுப்பும் மோதிக்கொள்ளும். அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

“அப்ப எனக்குப் படகு வேணாங்க. அந்தச் சட்டத்த மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாங்க, போதும்.”

பேச்சில் தோற்கும் நிலை வந்தால் அண்ணன் வரலாற்றுக்குள் புகுந்துவிடுவார். பூஜாங் பள்ளத்தாக்கு நமக்குக் கூப்பிடு தூரம்; 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்தது; கடல் நம் ரத்தத்தில் ஓடுகிறது. அன்றைக்கு மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டே குறுக்கிட்டார்.

“எங்கப்பா ரஜூலா கப்பல்ல வந்தாரு மாப்ள. நாகப்பட்டணத்துல ஏறுனதுலருந்து பினாங்குல எறங்குற வரைக்கும் வாந்தியாம். நம்ம ரத்தத்துல அதான் ஓடுது.”

பணம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 மே 11ஆம் தேதி சேமநிதி வாரியம் மூன்றாவது கணக்கைத் திறந்தது. 55 வயதுக்குள் இருப்பவர்களின் மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் விழும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அரசாங்கம் தன்னுடைய காயாக்குக்காகவே இதைச் செய்தது என்று அண்ணன் நம்பினார். அந்தக் கணக்கிலிருந்து இதுவரை மகனுக்கு லேப்டாப் வந்திருக்கிறது, மைவிக்கு நாலு டயர் வந்திருக்கிறது, மாமியாருக்குக் கண்ணாடி வந்திருக்கிறது. கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. படகு எதுவென்று முடிவாகாததால் பணம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற பணம் வீட்டுக்கு உதவுகிறது. அண்ணி அவரை அவசரப்படுத்தாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த அமைதியைக் கெடுத்தவன் அண்ணியின் தம்பி மகன். இருபத்து மூன்று வயது. 11.11 மலிவு விற்பனையில், படுத்துக்கொண்டே கைப்பேசியில் விரலைத் தேய்த்து, காற்றடிக்கும் இரட்டைப் படகு ஒன்றை வாங்கிவிட்டான். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம், விளம்பரம் முடிகிற நேரம். அட்டைப் பெட்டியில் வந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டாளியோடு செமெலிங் போனான். மாலையில் இரண்டு கிலோ சியாக்காப்போடு அத்தை வீட்டு வாசலில் நின்றான்.

அண்ணன் மீனைப் பார்க்கவில்லை. படகை வாங்கிச் சிமெண்டுத் தரையில் விரித்து, முட்டி போட்டு, தையல் தையலாக ஆராய்ந்தார்.

“பாக்காவ் வேர்ல சிப்பி ஒட்டியிருக்கும், ஒரு தடவ ஒரசினா கிழிஞ்சிரும். எடை கிடையாது, காத்து தள்ளிட்டுப் போயிரும். தூண்டி முள்ளு எங்கயாச்சும் பட்டா முடிஞ்சது கத. பாதுகாப்புச் சட்ட போட்டியா?”

“போட்டேன் மாமா.”

“அது ஒண்ணுதான் சரியா செஞ்சிருக்க.”

எல்லாம் உண்மைதான், ஒரு சொல் மிகை இல்லை. உள்ளே அண்ணி சியாக்காப்பைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்து முடித்திருந்தார். தலைத்துண்டு வழக்கம்போல அண்ணன் தட்டுக்கு வந்தது. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு, காற்றடைத்த படகுகளின் குறைபாடுகளில் தான் விட்டுப்போன இரண்டைச் சேர்த்துச் சொன்னார்.

“ஞாயித்துக்கிழம மறுபடி போறேன் மாமா,” என்றான் பையன். “கூட்டாளிக்கு வேல. ஒரு சீட்டு காலி. வர்றீங்களா?”

அண்ணன் கையில் பிசைந்த சோறு நின்றது.

“முன் சீட்டா, பின் சீட்டா?”

“உங்க இஷ்டம் மாமா.”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றார்.