இரு மாநிலப் பன்றிக்கு ஒற்றைக் குழல்: வாங்குவோர் கவனத்துக்கு

கேரள-தமிழ்நாடு எல்லையோரம், பனச்சமூட்டிலோ பாறசாலைக்குக் கிழக்கிலோ அரை ஏக்கர் மரச்சீனியும் கொஞ்சம் ஏத்தன் வாழையும் வைத்திருப்பவர், விடிகாலையில் பன்றி உழுதுபோட்ட விளையைப் பார்த்துவிட்டு, "ஒரு தோக்கு வாங்கிப் போட்டால் என்ன?" என்று யோசிப்பது இயல்புதான். அவருக்காகவே இந்தக் கையேடு. தூரத்தில் இருந்தே சுட வேண்டும், எல்லா வேலைக்கும் உதவ வேண்டும், கேரளச் சட்டத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் ஒத்துவர வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. இத்தனையும் ஒரே நாட்டுத்துப்பாக்கியில் வேண்டுமாம். ஆசைப்படுவதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் தொடர்வோம்.

முதலில் சாமானைத் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் ஏட்டில் இதன் பெயர் எஸ்.பி.எம்.எல். ஒற்றைக் குழல், வாய்வழியாக நிரப்புவது. குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். தேங்காய்த் தும்பை அடைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ஈயக்குண்டு, அதன்மேல் மறுபடியும் தும்பு, மறுபடியும் இடி. பிறகு பின்பக்கத்து முளையில் கேப்பைப் பொருத்திக் குதிரையை இழுத்து வைத்துக்கொண்டு குறி பார்க்கலாம். ஒரு வெடி வெடித்தால் விளை முழுக்கப் புகை. புகை விலகியதும் பன்றி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கலாம். அதுவரை பன்றி காத்திருக்க வேண்டும் என்பது இந்தத் துப்பாக்கியின் ஒரே நிபந்தனை.

இன்னொன்று, மழை. இடவப்பாதியும் நனைக்கும், துலாவர்ஷமும் நனைக்கும் ஊர் இது. மருந்தில் ஈரம் ஏறினால் குதிரை விழுந்த சத்தம் மட்டும் கேட்கும். மரச்சீனிக் கிழங்கு பருத்து நிற்கும் காலத்தில் உங்கள் மருந்து உலர்ந்திருக்கிறதா என்பதைப் பன்றிக்கு முன்பாக நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அடுத்தது தூரம். உள்ளே புரி வெட்டாத மழுமழுப்புக் குழலில் இருந்து கிளம்பும் உருண்டைக் குண்டு ஐம்பது மீட்டருக்குள் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு மேல் அதன் இஷ்டம். இருநூறு மீட்டர் போகும் சாமான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர், தன் விளையின் நடுவில் நின்று நான்கு பக்கமும் ஒருமுறை பார்க்கட்டும். ஏத்தன் வாழைக்குள் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. வாழை முடியும் இடத்தில் ஒரு வீட்டின் கிணறு, அதற்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி, அதற்கும் அந்தப் பக்கம் ஜெபம் நடக்கும் ஒரு வீடு. நெய்யாற்றின்கரை வட்டத்தில் ஆளில்லாத இருநூறு மீட்டரைக் கண்டுபிடிப்பது பன்றியைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். அதனால் தூரம் போகாதது இங்கே குறையே இல்லை.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறதே என்று அலுத்துக்கொள்பவர் அமெரிக்கக்காரனை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். கொலராடோவில் இந்த வகைத் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கிய வேட்டைக் காலத்தில் தொலைநோக்கி பொருத்தக் கூடாது, மாத்திரையாக உருட்டிய மருந்தும் போடக் கூடாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பற்றும் பழைய வகை மட்டும்தான் செல்லும். எந்த மாநிலத்துக்கு எந்தக் குழல், எந்த மருந்து என்று அங்கே கடைக்காரரே வாங்குபவருக்கு வகுப்பு எடுக்கிறார். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது துப்பாக்கி. இங்கே மாறுவது, அதைக் கையில் எடுக்கலாமா, எடுப்பவர் யார் என்பது.

உரிமத்துக்கு வருவோம். இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருப்பதுபோல் தோன்றும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கச் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு மழுமழுப்புக் குழலுக்கும் கொடுக்கலாம். இதைப் படித்து உச்சி குளிர்ந்துபோய் மனு எழுத உட்காருவீர்கள். மனு கலெக்டர் ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து போலீசுக்குப் போகும், வனத்துறைக்குப் போகும், திரும்பி வரும், மறுபடியும் போகும். அது நடக்கும் நடைக்குப் பன்றியே தேவலை. அதற்காக உரிமம் இல்லாமல் உலைக்காரரிடம் ஒன்று செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது காதில் ஓதினால் அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான சிறை இரண்டு ஆண்டில் தொடங்குகிறது. மரச்சீனிக்கு அவ்வளவு விலை இல்லை.

குடகில் பிறந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. குடகருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவருக்கும் ஆங்கிலேயர் காலத்தில் இருந்தே விலக்கு உண்டு. அதை 2029 வரை மத்திய அரசு நீட்டித்தும் இருக்கிறது. பாறசாலைக்காரர் குடகராவதற்கு விண்ணப்பப் படிவம் இதுவரை அச்சடிக்கப்படவில்லை.

உரிமம் கிடைத்தவருக்கும் ஒரு எச்சரிக்கை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16ஆம் தேதி நடத்தை விதி வந்தது, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் பன்றிகளுக்கு எந்த நடத்தை விதியும் கிடையாது. 2021 ஏப்ரல் 6ஆம் தேதி கேரளமும் தமிழ்நாடும் ஒரே நாளில் வாக்களித்தன. எல்லையின் இரு பக்கமும் ஒரே சமயத்தில் துப்பாக்கி ஓய்ந்திருந்த அந்தப் பருவம் பன்றிகளுக்கு ஓணமும் பொங்கலும் சேர்ந்து வந்த மாதிரி இருந்திருக்கும்.

இனி, கையில் துப்பாக்கி இருந்தால் சுடலாமா? இதில்தான் நமது வட்டாரத்தின் விசேஷம். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு மதராஸ் மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் பன்றிகளிடம் கருத்துக் கேட்டதாகத் தகவல் இல்லை. அன்று தொட்டு அவை கேரளத்து மரச்சீனியைத் தின்றுவிட்டுத் தமிழ்நாட்டு ரப்பர் தோட்டத்தில் படுத்துக்கொள்கின்றன.

கேரளப் பக்கத்தில் 2022 மே மாதம் முதல் பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் எல்லோரும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்கள். ஊருக்குள் வந்து தொல்லை கொடுக்கும் பன்றியைச் சுடச் சொல்லி அவர்கள் உத்தரவிடலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. சுடுபவர் உரிமம் உள்ளவராகவும் பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் உள்ளவராகவும் இருக்க வேண்டும். எனவே ராத்திரி ஒன்றரை மணிக்குப் பன்றி விளையில் இறங்கினால் முதலில் மெம்பரை எழுப்பவும். மெம்பர் தலைவரை எழுப்புவார், தலைவர் பட்டியலில் உள்ள வெடிக்காரரைத் தேடுவார், வெடிக்காரர் அன்றைக்கு வேறு பஞ்சாயத்தில் இருப்பார். பன்றியை நேரடியாகத் தொல்லை விலங்காக அறிவித்துவிட்டால் இவ்வளவு பேரின் தூக்கம் கெடாது என்று கேரளம் பலமுறை தில்லிக்கு எழுதியது. 2015இல் பீகாருக்கும் 2016இல் உத்தராகண்டுக்கும் கிடைத்த அந்த அறிவிப்பு கேரளத்துக்குக் கிடைக்கவில்லை. பீகார்ப் பன்றிக்கும் வெள்ளறடைப் பன்றிக்கும் என்ன வித்தியாசமோ, தில்லிக்குத்தான் வெளிச்சம். கடைசியில் 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் தானே ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. மத்தியச் சட்டத்தைத் திருத்துவதால் அதற்குக் குடியரசுத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கம் போனால் துப்பாக்கியை வைத்துவிட்டு அளவுநாடா எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நிற்கும் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் நின்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். சுடுவதும் நீங்கள் அல்ல, வனத்துறைக்காரர். தூரம் போகும் துப்பாக்கி கேட்டீர்களே, இதுதான் அந்தத் தூரம். மூன்று கிலோமீட்டருக்கு எந்தக் குழல் ஏற்றது என்று எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். ஆறுகாணிப் பக்கத்தில் காடும் ஊரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடப்பதால், அங்குள்ளவர் பன்றியைக் கெஞ்சிக் கூத்தாடித் தெற்கே நடத்திக்கொண்டுபோய் மூன்றாவது கிலோமீட்டர் கல்லருகே நிறுத்திவிட்டு ரேஞ்சு ஆபீசுக்குப் போன் செய்யலாம்.

எல்லைக்கோட்டில் விளை வைத்திருப்பவருக்குத் தனி அறிவுரை. உரிமத்தில் அது செல்லுபடியாகும் பகுதி எது என்று எழுதியிருக்கும். கேரளம் மட்டும் என்றிருந்தால் தோட்டத்து வரப்பில் கால் வைக்கும் முன் எந்தக் கால் எந்த மாநிலத்தில் என்று பார்க்கவும். இந்தப் பக்கம் வெடி பட்ட பன்றி அந்தப் பக்கம் போய் விழுவதும் உண்டு. அப்போது வரப்பின் இரு பக்கமும் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்.

"எண்ணே, பன்னி உங்க விளையில சாடி விழுந்து கிடக்கு. எடுத்துத் தாங்க."

"மக்களே, நான் அதைத் தொட்டா என்மேல கேஸ். நீ இங்க வந்து தொட்டா உன்மேல கேஸ். அது அங்கேயே கிடக்கட்டும்."

"அப்போ யாருக்குள்ளது அது?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, அனுமதி பெற்றுச் சுடப்பட்ட விலங்கு மாநில அரசின் சொத்து. உயிரோடு நின்று மரச்சீனி தோண்டும்போது அது யாருடையது என்று கேட்டால் எல்லோரும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். செத்த நொடியில் உரிமைக்கு அரசு வந்துவிடும். கேரளத்தில் சுட்டுத் தமிழ்நாட்டில் செத்தால் எந்த அரசு என்பதை முல்லைப் பெரியாறும் நெய்யாறு இடதுகரைக் கால்வாயும் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

இறைச்சி ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும். மணம் பிடித்து வரும் அண்டை அயலார் ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டிவிடக் கூடாது என்று மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பதும் உண்டு. அதைச் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால் சொந்தக்காரர் யாரோ போய்விட்டார் என்றுதான் தோன்றும்.

துப்பாக்கிக்குப் பதிலாகப் பன்றிப் படக்கம், மின்கம்பி என்று குறுக்குவழி சொல்பவர் உண்டு. இதில் மட்டும் விளையாட்டுப் பேச்சு இல்லை. 2020இல் பாலக்காட்டுப் பக்கம் படக்கத்தைக் கடித்த கருவுற்ற யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. 2025 ஜூனில் நிலம்பூர் அருகே வழிக்கடவில், பன்றிக்கு வைத்த கம்பியில் மின்சாரம் பாய்ந்து பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இறந்தான். அந்தக் கடைக்கே போகாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது வாங்கியே தீருவேன் என்பவருக்கு ஒரு பரிந்துரை இருக்கிறது. கேரளத்தில் ஒரு பன்றியைச் சுட்டால் வெடிக்காரருக்கு 1,500 ரூபாய். அதைப் புதைப்பதற்கு 2,000 ரூபாய். ஆகவே மம்பட்டி வாங்குங்கள். அதற்கு உரிமம் வேண்டாம், மழையில் நனைந்தாலும் வேலை செய்யும், தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்ல மாட்டார்கள். தோளில் போட்டுக்கொண்டு களியக்காவிளை சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். பன்றி மிச்சம் வைத்த மரச்சீனியையும் அதே மம்பட்டியால் தோண்டிக்கொள்ளலாம்.