இளநீலத்தில் ஒரு புரட்சி

தமிழ் ஆணுக்கு ஆடை ரசனை கிடையாது என்பது அவதூறு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கிளிப்பச்சையில் பூப்போட்ட சட்டையை ஒருவர் துணிந்து கையில் எடுக்கிறார். கழுத்தோடு ஒட்டிவைத்துக் கண்ணாடியில் பார்க்கிறார். முகம் மலர்கிறது. “சாயம் போகுமா?” என்று கேட்கிறார். பதில் வருவதற்குள் அதை வைத்துவிட்டு, இளநீலத்தில் கட்டம் போட்டதை பில் போடச் சொல்கிறார். வீட்டில் அதே போல் ஆறு தொங்குகின்றன. ஸ்டீவ் ஜாப்ஸ் கறுப்புச் சட்டையையே திரும்பத் திரும்பப் போட்டால் மேதை. நம்மவர் செய்தால் கஞ்சரா?

கூச்சத்தை வெல்லவும் வழி வைத்திருக்கிறோம். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் போதும். உள்ளே ஆள் இருப்பதே தெரியாதபோது கூச்சம் எங்கிருந்து வரும்?

நிறங்களை நாம் வெறுக்கவில்லை. திருப்பூரில் வானவில்லையே பனியனாகத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுகிறோம். சங்கடம் அவர்களுக்கு, அந்நியச் செலாவணி நமக்கு.

இந்த வருடம் நண்பர் ஒருவர் தளைகளை உடைத்தார். மாம்பழ மஞ்சளில் யானை அச்சிட்ட சட்டை! “இதுதாங்க என் ஸ்டைல்” என்றார். பின்னாலேயே அவர் மனைவி, மகன், கைக்குழந்தை என மூவரும் அதே யானையோடு வந்தார்கள். ஃபேமிலி காம்போவாம். எதிர்வீட்டிலும் அதே யானை, நான்கு பேர். நண்பரின் மாமியார் குழம்பிப்போய், பலகாரத் தட்டை எதிர்வீட்டுக்காரரிடம் நீட்டி, “சாப்பிடுங்க மாப்பிள்ளை” என்றார். அவரும் மறுக்கவில்லை.