நான்கு கேள்வி, ஒரு வைரஸ்

திரை சிவக்கிறது. சைரன் அலறுகிறது. ‘உங்கள் கணினியில் வைரஸ்! அணைக்காதீர்கள்! உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்!’ ஒரு வலைப்பக்கத்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் துழாவ முடியாது என்பது அதைச் செய்தவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும். மூலதனம் அவ்வளவுதான்.

சரி, அவன் திருடன். முகவரி இல்லாதவன். திட்டுவது சுலபம். முகவரி, பெயர்ப்பலகை, ரசீது எல்லாம் வைத்திருந்தவர்களின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஆபிஸ் டிப்போ என்றொரு பெரிய கடைத்தொடர். பேனா முதல் பிரிண்டர் வரை விற்கும். 2009 முதல் 2016 நவம்பர் வரை அங்கே கணினிக்கு இலவசப் பரிசோதனை. (இலவசம் என்றதுமே நீங்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அனுபவம்.) மென்பொருள் தந்தது சப்போர்ட்.காம். நடந்ததை அந்நாட்டு ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் புகார் சொல்கிறது. முதலில் நான்கு கேள்விகள். கணினி மெதுவாக ஓடுகிறதா? வைரஸ் எச்சரிக்கை வந்ததா? அடிக்கடி நின்றுபோகிறதா? விளம்பரங்கள் குதித்து வந்து தொல்லை தருகின்றனவா? ஏதாவது ஒன்றுக்கு டிக் அடித்தால் போதும், தீம்பொருள் அறிகுறி இருப்பதாகத் தீர்ப்பு. அதன்பிறகு ஓடிய ‘ஸ்கேன்’ எதைக் கண்டாலும், காணாவிட்டாலும் தீர்ப்பு மாறாது. கோடாங்கி உடுக்கையை எடுக்கும் முன்பே எந்தப் பேய் என்று முடிவாகிவிட்டது. ஓட்டும் கூலி 300 டாலர் வரை.

இரண்டாவது கேள்வியை மறுபடி படியுங்கள். எவனோ போலி எச்சரிக்கை காட்டுகிறான். பயந்தவர், நம்பகமான கடையாயிற்றே என்று ஓடி வருகிறார். ‘ஆமாம், எச்சரிக்கை வந்தது’ என்கிறார். தீர்ந்தது! அந்தப் பொய்யே இங்கே அத்தாட்சி. மிரட்டியது அவன், வசூல் இவர்கள். இருவருக்கும் அறிமுகம்கூடத் தேவைப்படவில்லை.

கடை ஊழியர்களுக்கு உறுத்தியது. வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று 2012-லேயே நிர்வாகத்துக்குப் புகார் போனது. நிர்வாகம் என்ன செய்தது? இன்னும் நிறைய கணினிகளைப் பரிசோதிக்கச் சொன்னது. 2016-இல் சியாட்டில் தொலைக்காட்சிக்காரர்கள் பெட்டி பிரித்த கையோடு புதுக் கணினிகளைக் கொண்டுபோனார்கள். அவற்றில் பலவற்றுக்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கேமரா வந்த பிறகே கடைக்கு மனசாட்சி வந்தது.

2019-இல் ஆணையத்துடன் சமரசம். ஆபிஸ் டிப்போ 2.5 கோடி டாலர், சப்போர்ட்.காம் 1 கோடி டாலர். சிவில் விவகாரம், கைவிலங்குக்கு வேலையில்லை. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஆபிஸ் டிப்போ அறிக்கையும் விட்டது. ஒரு தவறும் செய்யாமலே 2.5 கோடி டாலரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தர்மப் பிரபுக்கள்!